நான்கு சுற்று

காலை ஏழு மணிக்குப் பாண்டிலட்சுமியின் குரல் தொடங்கினால் எம். புதுப்பட்டியில் அந்தப் பட்டாசு ஆலையின் மருந்து ரூமில் வேலை தொடங்கும். குரல் நின்றால் வேலையும் நிற்கும். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆயுதபூஜையன்று, அவள் பாடிய மந்திரத்தை வாட்ச்மேன் அறைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் போட்டார்கள். சாவைத் தள்ளிவைக்கும்படி சிவனிடம் கேட்கிற மந்திரம். நூற்றியெட்டுத் தடவை, நாற்பது நிமிஷம். மருந்து கலக்குகிறவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அது ஒலிக்கும்போது மட்டுமே அலுமினியப் பொடியில் கைவைப்பது என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். சூட்டில் மருந்து பற்றிக்கொள்ளும் என்று, வெயில் ஏறுவதற்குள் ரூமைக் கழுவிப் பூட்டிவிடுவார்கள்.

அவர்களில் ஒருவன் முத்துக்கருப்பன், அவள் கணவன்.

பாண்டிலட்சுமி யாரிடமும் போய்ப் பாட்டுப் படித்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன் சிவகாசியில் காலண்டருக்குத் தகரம் அடிக்கும் வேலையில் இருந்தாள். அங்கே நாள் முழுக்க மந்திர சிடிகள் ஓடும். கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டாள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சின்ன ஸ்டூடியோவில் பாடினாள். புதுமனை புகுவிழா, கடைத் திறப்பு, பேருந்துகளில் முதல் டிரிப் என்று அவள் குரல் விருதுநகர் வரைக்கும் போயிற்று. அவள் போகவில்லை. ஒரு கோயில் கமிட்டியில் கேட்டார்கள்.

“சமஸ்கிருதம் யாருகிட்டம்மா படிச்சே?”

“சிடிகிட்ட.”

சிரித்தார்கள். சிடியையே போட்டுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நோட்டீசில் தன் பெயரைப் போட்டு, மேடையில் உட்கார்த்திவைத்து ஒருநாள் பாடச் சொல்வார்கள் என்று பதினைந்து வருஷமாகக் காத்திருந்தாள்.

தை மாதம் ஃபோர்மேன் மணிகண்டராஜ் வீட்டுக்கு வந்தார். நாரணாபுரத்தில் அவள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே பேசினார்.

“பாட்டுக்காரம்மா, நாலு சுத்து சேந்தாப்ல பாடிக் குடுங்க. ஆர்டர் கூடிப்போச்சு. பாட்டு நின்னா பயலுக கைய எடுத்துருதானுக.”

“அதையே திருப்பித் திருப்பிப் போடலாமே அண்ணாச்சி.”

“போட்டுப் பாத்தேன். அறுவத்தொண்ணுல ஒரு செருமல் செருமுதீகல்ல, ரெண்டாந்தடவையும் அங்கனயே செருமல் வருதுன்னு கண்டுபிடிச்சுட்டானுக. ஒரே நாள்ல எண்ணி முடிச்சது மறுபடி செல்லாதாம். சட்டம் பேசுதானுக.”

அவள் சிரித்தாள். அவர் அடுத்ததைச் சொன்னார். “மொதலாளி ஒங்க போட்டோவ காலண்டர்ல போடச் சொல்லிட்டாரு. அடுத்த வருசம் விருதுநகர்ல மேடை. அவரு செலவு.”

நாலு சுற்று என்றால் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது நாற்பது ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் மருந்து ரூமின் தகரக் கூரை எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இரண்டு நாள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நானூற்று முப்பத்திரண்டு தடவை பாடிக்கொடுத்தாள். எங்கும் செருமவில்லை.

சித்திரையில் ஒருநாள் ஒன்பது இருபதுக்கு மருந்து ரூம் வெடித்தது.

முத்துக்கருப்பனோடு மருந்து கலக்கும் சங்கிலிமுத்து உள்ளே இருந்தான். முத்துக்கருப்பன் ஒன்றுக்குப் போக வெளியே வந்திருந்தான். ஆலையில் எல்லாரும் ஓடிவிட்டதால் ஒலிபெருக்கியை நிறுத்த ஆள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சங்கிலிமுத்துவின் மனைவி கற்பகவல்லி பாண்டிலட்சுமியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அழவில்லை.

“வெடிச்ச பெறகும் நீ பாடிக்கிட்டேதான் இருந்தியாம்ல, பாண்டி.”

“ஆமா மதினி.”

“எம்புட்டு நேரம்?”

“இருபது நிமிசம்.”

கற்பகவல்லி தலையை ஆட்டினாள். பாண்டிலட்சுமி வீடு திரும்பும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருபது நிமிஷம் என்றால் ஐம்பத்துநாலு தடவை.

ஆனியில் ஆலையைத் திறக்க அனுமதி கிடைத்தது. ஆனால் பழைய பாட்டைப் போட்டால் மருந்து ரூமுக்குள் போக மாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். பாட்டே இல்லாமலும் போக மாட்டோம் என்றார்கள். புதுப் பாட்டு வேண்டும், அதே குரலில் வேண்டும். முதலாளி நவநீதகிருஷ்ணனே போனில் பேசினார். பூஜையன்று நேரிலேயே வந்து பாட வேண்டும், ஸ்டூடியோக்காரர் அங்கேயே பதிவு செய்துகொள்வார், முதல் சுற்று முடிந்ததும் ஆட்கள் உள்ளே போவார்கள், மற்ற மூன்று சுற்றையும் அவர்கள் வேலை செய்யச் செய்யப் பாடினால் போதும். மேடை விஷயம் நினைவிருக்கிறது என்றும் சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலம் முத்துக்கருப்பன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மருந்து ரூமுக்குப் போகாதீக. லோடு ஏத்தப் போங்க” என்றாள்.

“லோடு ஏத்துறவன் சம்பளம் பாதி வீட்டுச் செலவுக்குக்கூட வராது புள்ள.”

“வராட்டி போகுது.”

“நீ பாடுறத ஊரே நம்புது. நீ நம்பலியா?”

“சங்கிலிமுத்தண்ணனுக்கும் நாந்தான பாடினேன்.”

“அவன் வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டு ஒடம்புக் கரண்ட எறக்காம உள்ள போயிருப்பான். இல்லேன்னா கால்ல செருப்பு கெடந்திருக்கும். என்னைய வெளிய கூட்டிட்டு வந்தது எது? அதச் சொல்லு மொதல்ல.”

“ஒங்களுக்கு ஒண்ணுக்கு வந்துச்சு.”

அவன் துடைப்பதை நிறுத்தினான். “இப்படிப் பேசாத. நாக்கு அழுகிரும்.”

“நான் நாளைக்கு வரல.”

“வராத. சாத்தூர்ல ஒரு புள்ள இருக்காம், இதே மாதிரி பாடுமாம். ஃபோர்மேன் சொன்னாரு. நாலு நாள் கேட்டா பழகிரும். நான் எப்படியும் போவேன்.”

அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் ஆலை வாசலில் வேப்பமரத்தடியில் பூஜை. அங்கே தீ கூடாது என்பதால் சூடத் தட்டு இல்லை, வாழைப்பழமும் சந்தனமும் மட்டும். எழுபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்து ரூம் ஆட்கள் நாலு பேரும் முன்வரிசையில் வெறுங்காலோடு இருந்தார்கள். முத்துக்கருப்பன் இரண்டாவது ஆள். அவளுக்கு ஒரு நாற்காலியும் மைக்கும் வைத்திருந்தார்கள். பின்னால் பேனரில் அவள் படம் இருந்தது, பெயரும் இருந்தது. பெயருக்கு முன்னால் ‘மந்திர இசைச்செல்வி’ என்று போட்டிருந்தார்கள். அவள் அதை ஒருதடவை படித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஸ்டூடியோக்காரர் லேப்டாப்பைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவள் பாடினாள். குரல் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முதல் இருபதுக்குள் முன்வரிசையில் தோள்கள் இறங்கிவிட்டன. ஆட்கள் விரல் கணுவில் எண்ணிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் எப்போதும் எண்ணுவார்கள். முத்துக்கருப்பன் கண்ணை மூடியிருந்தான். அவன் முகம் தூங்குகிறவன் முகம் போல இருந்தது. வெடிக்கும்போதும் சங்கிலிமுத்து இப்படித்தான் இருந்திருப்பான் என்று நினைத்தாள். பயப்படாமல் இருந்திருப்பான். பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்பட விடாமல் செய்தது இந்தக் குரல்தான்.

அறுபத்தொன்று கடந்தது. எண்பது. தொண்ணூறு.

நூறு ஆனதும் மருந்து ரூம் ஆட்கள் எழத் தயாராகக் கால்களை மாற்றிப்போட்டார்கள். மணிகண்டராஜ் சாவிக்கொத்தை எடுத்தார்.

நூற்றியேழை முடித்து அவள் நிறுத்தினாள்.

மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தார்கள். மணிகண்டராஜ் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று. அவள் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு மைக்கை மடியில் வைத்தாள்.

“என்ன தங்கச்சி, ஒண்ணு பாக்கி இருக்கு” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

“இருக்கட்டும் அண்ணே.”

“அந்தரத்துல நிறுத்தக் கூடாதும்மா. வாசல்ல வச்சு நிறுத்துனா வெளங்குமா?”

“தெரியும்.”

நவநீதகிருஷ்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். “தொண்ட அடைச்சிருக்கும். குடிச்சிட்டு முடிச்சிருங்கம்மா.”

“தொண்ட நல்லாத்தான் இருக்கு மொதலாளி. நான் முடிக்கப் போறதில்ல.”

அவள் மைக்கை எடுக்காமல் தன் சொந்தக் குரலில் முன்வரிசைக்குச் சொன்னாள்: “அன்னைக்கு சங்கிலிமுத்தண்ணன் போன பெறகு அம்பத்துநாலு தடவை பாடியிருக்கேன். ஒண்ணாச்சும் அவருக்கு ஒதவுச்சா?”

மணிகண்டராஜ் ஓடிப்போய் பென்டிரைவைச் செருகினார். வாட்ச்மேன் அறைக்கு மேலிருந்து பழைய பாட்டு வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவள் குரல் பாடியது. முன்வரிசையில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். இன்னொருவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். மருந்து ரூம் பக்கம் யாரும் நடக்கவில்லை. பாதியில் விட்ட மந்திரத்தைத் தாண்டி அந்த ரூமுக்குள் யாரும் போக மாட்டார்கள். இன்றைக்கும் போக மாட்டார்கள், சாத்தூர்ப் பெண் வந்தாலும் போக மாட்டார்கள். இனி எந்த வீட்டு விசேஷத்திலும் பாண்டிலட்சுமியின் பாட்டைப் போட மாட்டார்கள். பேருந்துக்காரர்கள் சாயங்காலத்துக்குள் அவள் பாட்டை அழித்துவிடுவார்கள்.

ஸ்டூடியோக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுருட்டினார்.

முத்துக்கருப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோட்டில் முன்னால் போனான். ஏறவில்லை. அவள் பத்தடி பின்னால் நடந்தாள். ஆலை ஒலிபெருக்கி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ரோட்டு வளைவில் அவன் நின்றான்.

“என் பொழப்பையும் கெடுத்தே. ஒன் பொழப்பையும் கெடுத்துக்கிட்டே.”

“ஆமா.”

“அந்த ஒண்ணச் சொல்லிரு. இப்பயாச்சும் வாய்க்குள்ளயாவது சொல்லிரு. பயமா இருக்கு புள்ள.”

மருந்து ரூமுக்குப் போன எட்டு வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவன் சொல்லி அவள் கேட்டதில்லை.

“நடங்க” என்றாள்.