பச்சை வாளி

கணவனின் சட்டையை இரண்டாம் முறையாகப் பிடித்துத் தைக்க உட்கார்ந்தபோதுதான் அவள் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தையல் கம்பெனியிலிருந்து துணி வாங்கிவந்து, வீட்டிலேயே பிசிர் வெட்டிப் பொத்தான் வைத்துக் கொடுக்கிறவள் அவள். மழைக்காலத்தில் பிடித்த தையல் உள்ளே அப்படியே இருந்தது. இப்போது அதற்கும் உள்ளே ஒரு கட்டைவிரல் அகலம் பிடிக்க வேண்டியிருந்தது. சந்தைக் கிடங்கில் மூட்டை தூக்குகிற அத்தனை பேரும் மலை என்று கூப்பிடுகிற மனிதனின் சட்டை இது. ஊசியில் நூலைக் கோத்தவள், கோத்தபடியே வைத்திருந்தாள்.

மலை என்பது சும்மா வைத்த பெயர் இல்லை. குளிக்கும்போது வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து குதிகால் தேய்ப்பது அவன் வழக்கம். அந்த வழக்கத்துக்கு வீட்டு வாளிகள் ஒவ்வொன்றாகப் படீரென்று வாயைப் பிளந்தன. அந்தச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தார், "அடுத்த வாளியும் போச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விசாரிப்பார்கள். கடைசியாக வாங்கிய பச்சை வாளியில் உட்கார்ந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது என்று அவள் சட்டமே போட்டிருந்தாள். அவனும் அதற்குக் கட்டுப்பட்டுக் கிடந்தான்.

மழையோடு வந்த இருமல் மழை போயும் போகவில்லை. அவர்கள் தெருவில் நோய்க்கு ஒரு வரைபடம் உண்டு, எழுதாத வரைபடம். வயிற்றுக் கோளாறு என்றால் மருந்துக்கடைப் பையனிடம் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். காய்ச்சல், இருமல், உடம்பு வலி என்றால் சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறையில் ஊசிக்காரர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டே காரணம்தான்: ஒன்று பிள்ளை பெறுவது, இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மலையின் அண்ணன் அந்த இரண்டாவது காரணத்துக்காகத்தான் போனார், திரும்பவில்லை.

ஊசிக்காரரைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வராது. வேலை முடிந்து ஜனம் வீடு திரும்புகிற நேரம் பார்த்து அறையைத் திறப்பார். உட்கார நாற்காலி போடுவார். பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரிப்பார், தோளில் கை வைத்துப் பேசுவார். பெரிய ஆஸ்பத்திரி காலையில்தான் திறக்கும். கிடங்குக்கு லாரி வருவதும் அப்போதுதான். அங்கே போனால் இந்த அறைக்குப் போ, அந்த அறைக்குப் போ என்று பந்தாடுவார்கள், வாயைத் திறந்தால் எரிந்து விழுவார்கள். எல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் போன வாரமும் ஊசிக்காரர், "இந்த ஊசிக்குக் கேக்கலைன்னா நெஞ்சைப் படம் எடுத்துப் பாக்கலாம்மா" என்றுதான் சொன்னார். அதற்கு முந்தின ஊசிக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அவள் ஊசியைப் பெட்டியில் குத்திவைத்துவிட்டுச் சட்டையை அவனிடம் நீட்டினாள்.

"தையல் பிடிக்கலையா?" என்றான்.

"இனிமே பிடிக்க மாட்டேன். நான் பிடிக்கப் பிடிக்க நீ உள்ள போயிட்டே இருக்கே. பெரிய ஆஸ்பத்திரிக்கு வா, அப்புறம் தைக்கிறேன்."

"ஊசிக்காரர் குளிர் ஒத்துக்கலைன்னாரு."

"குளிரு போயி வெயிலே வந்தாச்சு. அவருக்கு நல்ல மனசு, அதை நான் இல்லைன்னு சொல்லலை. நல்ல மனசை வெச்சு நெஞ்சுக்குள்ள பாக்க முடியாதுல்ல."

மலை சட்டையை மாட்டிக்கொண்டு போனான். அவளும் விடுவதாக இல்லை. மறுநாளும் அதே தொளதொளச் சட்டையைத்தான் துவைத்துக் கொடுத்தாள். அன்று மாலை அவன் வந்ததும் சட்டையைக் கழற்றி அவள் பக்கம் போட்டான். பிறகு சொன்னான், "சட்டை நடந்து வருது, உள்ள யாருப்பான்னு மேஸ்திரி கேட்டான். எல்லாரும் சிரிச்சானுங்க."

அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வரேன். மொத லாரிய எறக்கிட்டு நேரா பஸ் ஏறிடறேன். ஆனா வரிசையில நிக்கச் சொல்லாத. நின்னா இருமல் ஆளைச் சுருட்டுது."

"உனக்குப் பதிலா நான் நிக்கிறேன், போதுமா?"

காலையில் கிளம்பும்போது அவள் கையில் பச்சை வாளி இருந்தது. அவர்கள் தெருக் குழாயடியில் வாளி வைத்தால் ஆள் நிற்பதாகக் கணக்கு. ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் அடுத்தவள் வாளியை நகர்த்த மாட்டாள். முன்னால் தள்ளிவைப்பாளே தவிரப் பின்னால் தள்ள மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசையில், முன்பாதியில் கிடைத்த இடத்தில், வாளியை வைத்துவிட்டு எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். இறங்கும்போதே அமுக்கிப் பிடிக்காவிட்டால் மனிதன் அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பினாலும் திரும்பிவிடுவான்.

அவனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, வாளி குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அது இருந்த இடத்தை வரிசை மூடிக்கொண்டுவிட்டது. வால் வாசல்கதவைத் தாண்டியிருந்தது.

"உன் வாளியாம்மா?" என்றார் வாட்ச்மேன். "இது என்ன தண்ணிக் குழாயா? ஆளு நின்னாத்தான் எடம். வாளிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறதில்ல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. அதைவிட, தன் கணவனின் முகத்தில் தெரிந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது.

"இதுக்குத்தான் சொன்னேன்," என்றான். "வா, சாயங்காலம் ஊசிக்காரர்கிட்டயே போயிக்கலாம். அங்கன்னா உக்கார வெச்சாவது பேசுவாரு."

சொல்லிவிட்டு அவன் வாசல் பக்கம் திரும்பி நடந்தான். நாலு எட்டு வைப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது, கதவுக் கம்பியைப் பற்றிக்கொண்டு குனிந்தான். அவள் குப்பைத்தொட்டிக்குப் போய் வாளியை எடுத்தாள். வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் அதைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்கார வெக்கணும், அவ்வளவுதானே? இங்கயும் உக்கார வெக்கிறேன். வா."

"பச்சை வாளிடி. ஒடஞ்சிடும்."

"ஒடஞ்சா ஒடையட்டும். உக்காருய்யா."

அவன் முழங்காலில் கையூன்றிப் பாதி எடையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு காலுக்கு வலுவில்லாமல் முழு எடையையும் இறக்கினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். எத்தனை வாளிகளில் கேட்ட சத்தம், அவளுக்குத் தெரியாததா. சத்தம் வரவில்லை. வாளி லேசாகக்கூட நெளியவில்லை, அதன்மேல் யாரோ துணிமூட்டை வைத்ததுபோல் இருந்தது.

மலை குனிந்து தன் காலுக்கிடையில் தெரிந்த பச்சை விளிம்பைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஒடையலை," என்றான்.

உடைந்துபோன எந்த வாளிக்காகவும் அவள் இப்படி வேதனைப்பட்டதில்லை. ஊசிக்காரர் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

"எந்த ரூம்ல படம் எடுப்பாங்கன்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"கேக்கறேன். திட்டினாலும் கேக்கறேன்."

முன்னால் நின்றவர்கள் ஓர் அடி நகர்ந்தார்கள். சட்டையின் பக்கவாட்டில் தொங்கிய துணியை, அவள் தையல் பிடித்திருக்க வேண்டிய இடத்தில், கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி அவன் எழுந்தான். அவள் வாளியைக் காலால் முன்னே தள்ளினாள். அது சிமெண்டுத் தரையில் கரகரவென்று நகர்ந்தது. அவன் உட்கார்ந்தான்.