முதல் லோடுக்கு முந்தின கழுவல்

மணிகண்டராஜ் ரொம்ப அசிங்கம் பார்க்கிற ஆள். டீக்கடையில் கிளாஸை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். பஸ்ஸில் போனால் கம்பியைப் பிடிக்க மாட்டான்; விழுந்தாலும் சுத்தமாக விழ வேண்டும் என்பது அவன் கொள்கை. அவன் சொந்தமாக லோடு வண்டி வாங்கியதே பஸ் கம்பிக்குப் பயந்துதான் என்று தாயில்பட்டியில் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவன்தான் இப்போது சாத்தூர் ரோட்டில் பெனிட்டோவின் ஒர்க்‌ஷாப்பில், அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். மூக்குக்கு நேர் மேலே ரேடியேட்டரின் அடி நட்டு.

"திருகுலே. அது ஒண்ணும் கடிக்காது" என்றான் பெனிட்டோ. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது எழுதியவர்கள். ஆகவே மரியாதைக்கு அங்கே வேலையில்லை.

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்காலே?"

"வாளியைத் தூக்கி ஊத்துனது யாரு?"

மணிகண்டராஜ் ஸ்பேனரை நட்டில் மாட்டினான். போன வாரம் பட்டாசு கம்பெனிக்குள் வண்டி சூடாகிப் புகைந்தபோது, பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கி ரேடியேட்டரில் கவிழ்த்தவன் அவன்தான். தண்ணீர் வெள்ளையாக இருந்ததைப் பார்க்கத்தான் செய்தான். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் என்றைக்குத் தெளிவாக இருந்தது? உப்பு என்று நினைத்துக்கொண்டான். அது லேபிள் ஒட்டும் ரூமில் மைதாப் பசைச் சட்டிகளைக் கழுவி ஊற்றி வைத்த வாளி. இஞ்சின் அதைக் காய்ச்சிக் குடித்தது. அடுத்த வளைவில், இஞ்சினுக்குள் ஆயிலையும் தண்ணீரையும் பிரித்து வைக்கிற ஹெட் கேஸ்கட் போயிற்று. ஆயிலும், இஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட்டும், பசையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து சம்பந்தி ஆகிவிட்டன.

ஹெட்டைக் கழற்றி, மதுரைக்கு அனுப்பி மட்டம் பிடித்து, புது கேஸ்கட் வைத்துப் பூட்டி, பெரிய வேலையெல்லாம் முடிந்தாயிற்று. உள்ளே தங்கிப்போன பழைய கூலன்ட்டைக் கழுவுவது மட்டும் பாக்கி. சாயங்காலம் கம்பெனி வாசலில் சீசனின் முதல் லோடுக்குப் பூஜை. யார் வண்டியில் முதல் லோடு ஏறுகிறதோ அந்த வண்டிக்குத்தான் சீசன் முழுக்க ஓட்டம். ஆனால் போர்மேன் அய்யாதுரை ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். பூஜை முடிகிற வரைக்கும் வண்டி கேட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே நிற்க வேண்டும். இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவை விட்டு ஏறக்கூடாது. ஏறினால், போட்டிக்கு லோடு அடிக்கிற ஹரிஷ்குமாரின் புது வண்டி உள்ளே போகும். புகைகிற வண்டியைப் பட்டாசுக்குப் பக்கத்தில் விட அவருக்கென்ன கிறுக்கா?

நட்டு கழன்றது. ஒன்றும் வரவில்லை.

"காலிதாம்லே" என்று மணிகண்டராஜ் சந்தோஷமாக எழுந்திருக்கப் போனான்.

"கம்பியை விட்டுக் குத்து."

குத்தினான். உள்ளே யாரோ தொண்டையைக் காறுவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் வந்தது. ரோஸ் கலர் கூலன்ட் ஆயிலோடு சேர்ந்து பழுப்பாகி, பசையில் திரண்டு, அறுபடாமல் கோழையாகத் தொங்கி, யோசித்து யோசித்து இறங்கியது. பாதி அடியில் வைத்திருந்த பேசினுக்கும் மீதி அவன் காது மடலுக்குமாகப் பங்கு பிரிந்தது. நாற்றமும் மூன்று தவணையாக வந்தது. முதலில் ஒரு தித்திப்பு. பின்னாலேயே கருகின ஆயில். கடைசியில், ஒரு வாரமாக மூடிக்கிடந்த புளிச்ச மாவு.

"அய்ய... அய்ய..."

"வாயைத் திறக்காதலே. விஷம்" என்றான் பெனிட்டோ, காராச்சேவை மென்றுகொண்டே. "ஆடு, நாய் வந்து நக்கிரும். தித்திப்பா இருக்கும், ஆனா கிட்னி போயிரும். பேசினை மூடி வை." காகிதப் பொட்டலத்தை நீட்டினான். "சேவு?"

மணிகண்டராஜ் வேலியோரம் போய்க் கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டு வந்தான். காதைச் சோப்புப் போட்டுக் கழுவினான். அந்த வழவழப்பு போகவில்லை, சோப்புதான் கரைந்தது.

ஹோஸைச் சொருகித் தண்ணீர் விட்டார்கள். மேலிருந்து விட்டால் கீழே கட்டியாக வந்தது. கீழிருந்து திருப்பி விட்டால் மேலே நுரைத்துப் பொங்கியது. ஒவ்வொரு கட்டியும் விழும்போது சத்தத்தில் ஒரு திருப்தி இருந்தது, கட்டிக்குத்தான். ஒருவழியாகத் தண்ணீர் தெளிவாக இறங்கியது.

"போதும்லே. தெளிஞ்சிருச்சு. புது கூலன்ட்டை ஊத்து, கெளம்புதேன்."

"ஓட்டிப் பாப்போம்."

ஓட்டினார்கள். முள் நடுவுக்கு வந்தது, நின்று யோசித்தது, பிறகு மேலே ஏறத் தொடங்கியது. பெனிட்டோ இஞ்சினை அணைத்தான்.

"தண்ணி சந்துல பூந்து வருது மாப்ள. ரேடியேட்டர் மேல் டேங்குல என்னமோ அடைச்சிருக்கு. ஆறட்டும். மேல் ஹோஸைக் கழட்டிட்டு விரலை விட்டு எடு."

"பூஜைக்கு நேரமாச்சுலே. இப்படியே போனா..?"

"போ. கேட்டுல சாம்பிராணிக்குப் பதிலா உன் வண்டியே புகை போடும். அய்யாதுரை அண்ணாச்சி கும்பிட்டுக்கிடுவாரு."

மணிகண்டராஜ் தன் வலது கையைப் பார்த்தான். சாப்பிடுகிற கை. இடது கையை விட்டுப் பார்த்தான். ரேடியேட்டர் இருந்த கோணத்துக்கு அது வளையவில்லை. சீசன் முழுக்க ஹரிஷ்குமார் ஹாரன் அடித்துக்கொண்டு தன்னைக் கடந்து போகிற காட்சி ஒருமுறை கண்ணுக்குள் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலை உள்ளே விட்டான். வெதுவெதுப்பாக, மெத்தென்று, பச்சை ஈரலைத் தொட்டதுபோல் ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தான். அது வர இஷ்டமில்லாமல் 'ப்ளக்' என்று வந்தது.

ஊறிப்போன லேபிள் கட்டு. பசைச் சட்டியோடு வாளிக்குள் விழுந்திருக்க வேண்டும். மேல் தாளைப் பெனிட்டோ குச்சியால் விரித்தான். கம்பி மத்தாப்பு பிடித்த ஒரு குழந்தை அவர்களைப் பார்த்துச் சிரித்தது. கொதித்தும் கலர் போகவில்லை. சிவகாசி பிரிண்ட் என்றால் சும்மாவா? அடியில் கொட்டை எழுத்தில், 'ஈரம் படாத இடத்தில் வைக்கவும்.'

மறுபடி கழுவி, ஓட்டி, ஆறவிட்டு, வடித்து, புது கூலன்ட் ஊற்றினார்கள். முள் நடுவில் வந்து ஆணி அடித்தாற்போல் நின்றது.

கேட்டில் பூஜை ஆரம்பித்திருந்தது. ஹரிஷ்குமார் தன் புது வண்டிக்கு முன்கூட்டியே மாலை போட்டுக்கொண்டு வந்திருந்தான். மணிகண்டராஜின் வண்டி கேட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டு நின்றது. அய்யாதுரை சாமியை ஒரு கண்ணாலும் முள்ளை ஒரு கண்ணாலும் கும்பிட்டார். தேங்காய் உடைத்தாயிற்று. சூடம் அணைந்தது. முள் அசையவில்லை.

"பரவாயில்லயே. வண்டி சுத்தமா இருக்குப்பா" என்றார். ஹரிஷ்குமார் மாலையைத் திருத்திவிட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"ரொம்பச் சுத்தம் அண்ணாச்சி" என்றான் மணிகண்டராஜ். வலது கையைப் பின்னால் வைத்திருந்தான்.

"அப்போ பிரசாதத்தைக் குடி. முதல் லோடு டிரைவர் குடிச்சாத்தான் கேட்டைத் திறப்போம், தெரியும்ல. முதலாளி வீட்டுல செஞ்சது."

அண்டாவிலிருந்து ஒரு டம்ளரில் மொண்டு கொடுத்தார். மணிகண்டராஜ் வழக்கப்படி டம்ளரை வெயிலுக்குத் தூக்கினான். எவர்சில்வர் டம்ளர், ஒன்றும் தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். ஜவ்வரிசிப் பாயசம். யாரோ அழகுக்கு ரோஸ் கலர் சேர்த்திருந்தார்கள். ஆறிப்போய்த் திரண்டு, மேலே பழுப்பாக நெய் படர்ந்து, டம்ளரைச் சாய்த்தால் மொத்தமாகச் சாய்ந்தது. தித்திப்பாக வாசம் வந்தது.

டம்ளரை மூக்கை விட்டுத் தள்ளிப் பிடித்தான்.

"என்னப்பா, யோசிக்கே? வேண்டாம்னா சொல்லு. ஹரிஷ் நிக்கான்."

ஹரிஷ்குமார் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

மணிகண்டராஜ் கண்ணை மூடினான். அது யோசித்து யோசித்துத்தான் இறங்கியது. கடைசி கட்டி தொண்டையில் கொஞ்ச நேரம் தங்கி, 'ப்ளக்' என்று போயிற்று.

கேட் திறந்தது. வண்டியை நோக்கி நடந்தவனின் தோளில் அய்யாதுரை கை போட்டார். அவர் முகம் பூரித்துப்போயிருந்தது.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கலயே! இம்புட்டு ஆசையா யாரும் குடிச்சுப் பாத்ததில்ல. இனி ஒவ்வொரு லோடுக்கும் உனக்கு ஒரு டம்ளர் எடுத்து வைக்கச் சொல்லுதேன்."