இரண்டு கேன் தண்ணீரும் ஒரு மடக்கு நாற்காலியும்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கணவரின் முதுகுக்குக் களிம்பு தடவும்போது கிடைத்தது. முகத்தைப் பார்க்காமல் பேசினால் அவர் வாயில் உண்மை வந்துவிடும். முதுகில் நூற்றுப் பதினேழு கொசுக்கடி. (எண்ணினேன். எழுதுகிறவள் அளக்கிறாள் என்று யாரும் சொல்லக் கூடாது.)

2

"சதுப்பு நிலத்தின் மௌனம் மனிதனை அவனிடமே..."

அடித்துவிட்டேன். அங்கே மௌனம் என்று ஒன்றே கிடையாதாம். தவளை, கொசு, போதாக்குறைக்கு என் கணவரின் குறட்டை.

"இரு வீரர்கள் படகேறி..."

வீரர்களா? ஒருவர் பல் செட் செய்பவர், என் கணவர். மற்றவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், என் தங்கை கணவர். சகலைகள். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

நான்கு மணி நேரம் துடுப்புப் போட்டால் நாணல்களுக்கு நடுவே ஒரு மரமேடை. அதில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், அத்தனையும் உப்பு. குடிக்க நாமே கொண்டுபோக வேண்டும் என்று ஐந்து லிட்டர் கேன்களாக நான்கு நிரப்பி, தங்கை கணவர் படகில் ஏற்றினார். ஏற்றிவிட்டு வன அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனார்.

என் கணவரிடம் புதிதாக வாங்கிய மடக்கு நாற்காலி இருந்தது. கோப்பை வைக்கக் கைப்பிடியில் பள்ளம் உண்டு. படகில் இடமில்லை. இரண்டு கேனை இறக்கிப் படகுத்துறைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டு நாற்காலியை ஏற்றினார்.

[நாற்காலி வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். இது கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை.]

4

மறுநாள் மத்தியானமே தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. தங்கை கணவர் மேடை முழுக்கத் தேடினார்.

"அய்யோ சகல, ரெண்டு கேன ஏத்தாமலே விட்டுட்டேன் போல. என் தப்புதான்."

இந்த இடத்தில் என் கணவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். இப்படியும் ஒரு மனிதர் சும்மா இருப்பாரா, வாசகர் நம்புவாரா என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். இருபத்திரண்டு வருடக் குடித்தனம். நான் நம்பினேன்.

அப்போதே கிளம்பினார்கள். கடைசி மடக்கை நீட்டித் தங்கை கணவர் சொன்னார்: "நீங்க குடிங்க சகல. உங்களுக்கு பிரஷர் இருக்கு. தப்பு பண்ணவன் பொறுத்துக்கலாம்."

என் கணவர் குடித்தார்.

கரை தெரிந்த இடத்தில் தங்கை கணவர் துடுப்போடு சாய்ந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் விழித்ததும் என்னிடம் கேட்டது: "அண்ணி, சகலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

5

முடிவுகள்:

அ) என் கணவர் உண்மையைச் சொல்ல, இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

ஆ) என் தங்கைக்குத் தெரிந்து, அவள் என் வீட்டுப் படியை மிதிப்பதே

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

இ) ஒன்றும் நடக்கவில்லை. தங்கை கணவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த பயணத்துக்கு எட்டு கேன் வாங்கிவிட்டார். நிஜத்தில் நடப்பது இதுதான்.

6

இதுவரை எழுதியதை இன்று காலை கணவரிடம் படிக்கக் கொடுத்தேன்.

"பேரு போடலையே?"

"போடலை."

"பல்லு செட்டுன்னு இருக்கே. மீன் வியாபாரின்னு மாத்திடேன்."

"மாத்தறேன். முடிவை மட்டும் நீங்க எழுதுங்க."

வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்:

'சகல, அந்த ரெண்டு கேனை நான்தான்'

வாசல் மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். தங்கை கணவர், இரண்டு கையிலும் புதுக் கேன்கள். என் கணவர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறக்க நான் போகிறேன். தாள் மேசைமேல் கிடக்கிறது. வருகிறவர் நேரே இந்த மேசைக்குத்தான் வருவார். அதை மடித்து வைப்பதா, விட்டுவைப்பதா? மேசைக்குப் பக்கத்தில் இப்போது இருப்பது வாசகராகிய நீங்கள்தான்.