மஞ்சள் மூட்டைகளுக்குப் பின்னால்

"மச்சானிட்ட அந்தப் படத்தைப் பத்திக் கேட்டுராதீங்க ராத்தா. அதுக்காகத்தான் அவரைக் கலியாணம் முடிக்கிறீங்கண்டு நினைப்பாரு."

"கலியாணத்துக்குப் பொறகு?"

"பொறகும் வாணாம். நம்மட ஊட்டுக்கு வார மாப்பிள்ளை. மனசு நோகக் கூடாது."

கலியாணத்துக்கு முன் தம்பி ஹுனைஸ் கேட்டுக்கொண்ட இதை ஸம்ஹா இதுவரை மீறவில்லை. கற்பிட்டிக் கரையில் கூலிக்கு மூட்டை இறக்கப் போன ஹுனைஸை, இந்தியாவிலிருந்து படகில் வந்த கடத்தல் மஞ்சளோடு பொலிஸ் பிடித்திருந்தது. பிறகு, அவன்மீது குற்றமில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. ஆனால் மூட்டைகளுக்குப் பின்னால் விலங்கோடு அவன் நின்ற படம் பேஸ்புக்கில் ஓர் ஊர்ச் செய்திப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கத்தை நடத்துபவன் அவளுடைய கணவன் மர்ஸூக். அவனுக்கு அது தன் கலியாணப் பேச்சு வருமுன்பே போட்டு மறந்த செய்தி.

இன்று ஹுனைஸுக்குப் பேசிய பெண்வீட்டார் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். யாரோ அவர்களுக்குப் படத்தைக் காட்டியிருந்தார்கள்.

மச்சான்மார் இருவரும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மச்சான், ஒண்ட தாடியப் பார்த்துப் பயந்துட்டாங்களோ?" என்றான் மர்ஸூக்.

ஹுனைஸ் சிரித்தான். மீனின் நடுத்துண்டை மர்ஸூக்கின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, தன் பக்கச் சோற்றைத் தொடாமலே கைகழுவ எழுந்து போனான்.

ஸம்ஹா அவன் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்க," என்றாள். "உங்கட பேஸ்புக் பக்கத்துல எண்ட தம்பிட படம் இன்னும் கிடக்குது. அதை எடுத்துருங்க."