முகம் தெரியும்வரை

அந்தப் பேண்ட்டைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்காலில் ஜிப் வைத்த ரெடிமேட் பேண்ட். வெக்கையாக இருந்தால் கீழ்ப்பாதியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாமாம். இருபத்திரண்டு வருடமாக என் சிநேகிதன் அவனுக்கு நான்தான் பேண்ட் தைக்கிறேன். லிஃப்ட் மெக்கானிக் வேலை, மண்டி போட்டே பாதி நாள் போகும் என்பதால் முட்டியில் இரட்டைத் துணி கொடுப்பேன். அவன் இடுப்பு ஒரு இன்ச் ஏறினால் அவன் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

"மருந்துக்கடைக்காரர் தேடி வாங்கிக் குடுத்தாரு. நல்லாருக்குல்ல?" என்றான்.

"உனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்க." பின்தையல் கோணலாக ஓடியிருந்ததைச் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்காரர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், இவன் சரிசெய்யப் போய், இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக்கு வந்து வெட்டிப்பேச்சு பேசுகிற வழக்கம் போயே போச்சு. காடு, மலை என்று கிளம்பிவிடுகிறார்கள். இந்த முறை "நீயும் வாயேன்டா" என்றான். பேச்சுக்குச் சொன்னானோ என்னவோ, நான் விடவில்லை.

கோடாலியே படாத காடு என்றார் வாசலில் இருந்த காவலர். விழுந்த மரத்தைக்கூட யாரும் எடுப்பதில்லை. என் கடையைவிட நீளமான ஒன்று பாசி மூடிக் கிடந்தது. அதன் முதுகில் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. காவலர் ஒரே ஒரு விதி சொன்னார். பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், பின்னால் வருகிறவரின் முகம் தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். முதலில் மருந்துக்கடைக்காரர், நடுவில் அவன், கடைசியில் நான்.

முதல் இரண்டு பிரிவிலும் அவன் நின்றான். மூன்றாவதில் யாரும் இல்லை. இடப்பக்கம் தூரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஈரமண்ணில் செருப்புத் தடங்கள் புதிதாக, தெளிவாக இருந்தன. வழி தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு வேர்மேல் உட்கார்ந்துவிட்டேன். வரட்டும், எவ்வளவு நேரத்தில் என் ஞாபகம் வருகிறதென்று பார்த்துவிடலாம். ஐம்பத்தொரு வயதில் வெட்கங்கெட்ட வேலைதான். எங்கேயோ உயரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பதினேழு நிமிடம் கழித்துக் காலடி கேட்டதும், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன்.

மூச்சிரைக்க ஓடிவந்தவர் மருந்துக்கடைக்காரர்.

"அண்ணே, இங்கயா இருக்கீங்க! காலு கீலு பிசகிடுச்சா?"

"அவன் எங்க?"

"பெரிய மரத்துக்கிட்ட நிக்கிறாரு. உங்களக் காணோமேன்னேன். 'அவன் எங்க போயிடப்போறான், வந்துடுவான்'னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

அந்த வார்த்தையைத் துணியைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எது நல்ல பக்கம் என்று பிடிபடவில்லை. அதற்குள் இவர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். குடித்தேன்.

பெரிய மரம் நிஜமாகவே பெரியது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்துதான் வலித்தது, உச்சி தெரியவில்லை. அவன் அதை இரு கைகளாலும் கட்டிப் பிடித்தபடி நின்றான். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை.

"மூணு பேரும் சேந்தா சுத்திப் பிடிச்சிடலாம். வாங்க வாங்க."

மருந்துக்கடைக்காரர் ஒரு கையால் அவன் கையையும் இன்னொரு கையால் என் கையையும் பற்றிக்கொண்டார். மரத்தின் மறுபக்கத்தில் எனக்கும் அவனுக்கும் நடுவில்தான் இடைவெளி. ஈரப் பட்டையில் கன்னத்தை வைத்துக் கையை நீட்டினேன். அவன் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"விரல் நுனி தெரியுதுடா. இன்னும் கொஞ்சம்தான், நீட்டுடா."

"எட்டலடா," என்றேன்.

என் முழங்கை மடங்கியேதான் இருந்தது.