எட்டு எண்ணும் வரை

1

"அரை கட்டை ஏத்தி வாசிச்சீங்க."

"ஏத்தல."

"ஒத்திகையில நாப்பது தடவ ஒழுங்கா வந்த குரல், மேடையில மட்டும்—"

"உன் குரல் உடைஞ்சதுக்கு என் ஆர்மோனியம் என்ன பண்ணும்? அது பாட்டுக்கு ஒரு மூலையில மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு."

"—மேடையில மட்டும் எப்படி உடையும்? கட்டை ஏறினா சுருதி ஏறும். சுருதி ஏறினா தொண்டை கிழியும். இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"முப்பத்தெட்டு வருஷமா அதையேதானே சொல்லிட்டு இருக்கே."

இந்தக் கதை இந்தச் சண்டையில்தான் பிறந்தது. முதலில் வேறு விதமாகத் தொடங்கியிருந்தது: 'மழை ஓய்ந்த ஒரு மாலை, அரங்கின் கனத்த திரை மெல்ல' — வேண்டாம். திரை பேசாது. யாராவது வாயைத் திறந்தால்தான் இதை எழுதுபவளுக்குப் பேனா திறக்கும்.

பேசியவர்கள் கணவன் மனைவி. அவர் இசையமைத்தார், அவள் பாடினாள். அந்த இசை நாடகம் ஒரே ஒரு மாலை நடந்தது. இப்போது ஒரு அரங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தோற்றுப்போன இசை நாடகங்களில் மறுபடி மேடையேற்றியே ஆகவேண்டும் என்று நான்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம்; இது அதில் ஒன்று. இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் வந்த அன்றே அவர் போட்டுவிட்டார். அவள், தவறு யாருடையது என்று தெரியாமல் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறாள்.

2

நாடகத்தின் பெயர் 'கேட்பாரற்ற குடை'. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அறை. அதில் ஒரு பெண் குமாஸ்தா. வருகிறவர்கள் தொலைத்ததன் அடையாளத்தைப் பாடிக் காட்ட வேண்டும். பாதிப் பேர் பொய்யாகப் பாடுவார்கள். ஒருவர் பல்செட்டைத் தேடி வந்து, மூன்றைப் போட்டுப் பார்த்து, மூன்று குரலில் பாடுவார்.

கடைசிக் காட்சியில் குமாஸ்தாவுக்கு ஓய்வு. பதினொரு வருடமாக யாரும் கேட்டு வராத குடை ஒன்றை அவள் குப்பையில் போட வேண்டும். போடாமல் விரிக்கிறாள். வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். எட்டு எண்ணும் நேரம் மௌனம்.* பிறகு, துணைக்கு ஒரு தந்தி கூட இல்லாமல், நாடகத்திலேயே உச்சமான ஸ்வரத்தில் இரண்டு சொல்: "இது என்னுது."

அன்று அந்த ஸ்வரம் உடைந்தது. சபை உருண்டு புரண்டு சிரித்தது. மறுநாள் சுவரொட்டி மேல் வேறு சுவரொட்டி. அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட ஆர்மோனியம்தான் வந்தது.

* இந்த மௌனத்தை எடுத்துவிடச் சொல்லி அன்றைய மேலாளர் கெஞ்சினார். "சும்மா இருக்கறத பாக்க எவன்யா டிக்கெட் வாங்குவான்?"

3

கதையில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். இசையமைத்தவரின் தங்கை. அன்று மூன்றாம் வரிசையில் இருந்தாள். சண்டை முற்றும்போதெல்லாம் இருவரும் அவளைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள்.

"நீயே சொல்லு. உங்கண்ணன் ஏத்தினாரா இல்லையா?"

"எனக்கென்ன அண்ணி தெரியும், நான் என்ன சங்கீதமா படிச்சேன்?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். இவளால் கதைக்கு என்ன லாபம்? இரண்டாம் பிரதியில் இவளை நான் எடுத்துவி— இவள் எடுத்துவிடப்பட்டாள். ஆனால் இவள் போனதும் பேச்சு நொண்டியது. திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று.

4

அரங்கத்துக்காரப் பெண்மணி, அன்று மேடையில் நடந்ததைப் பதிந்த பழைய டேப் ஒன்றும் அதைப் போடும் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர். கையெழுத்தாகாத கடிதத்தின் மேல் பேனா.

"ஒத்திகை டேப்போட ஒப்பிட்டுப் பாத்துட்டோம்மா. ரெண்டும் ஒரே சுருதிதான்."

"கேட்டியா?" என்றார் அவர். முப்பத்தெட்டு வருடத்துக்கும் சேர்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் டேப்பை ஓடவிட்டாள். கடைசிக் காட்சியில் பாட்டு முடிந்து வாத்தியங்கள் நின்றன. அவர் விரலால் மேஜையில் எண்ணினார். நான்கு. ஐந்து.

ஆறில் ஒரு சிரிப்பு.

ஒரே ஒரு ஆளின் சிரிப்பு. எண்ணெய் காணாத கீல் மாதிரி தொடங்கி, மூச்சை உள்ளே இழுத்து, விக்கலில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் "இது" என்று குரல் ஏறியது, உடைந்தது. அதற்கும் பிறகுதான் சபை சிரித்தது.

"உடைஞ்சதுனால சிரிக்கல," என்றாள் அரங்கத்துக்காரி. "சிரிச்சதுனாலதான் உடைஞ்சிருக்கு."

அவருடைய விரல் ஆறிலேயே நின்றிருந்தது. "நான்தான் ஏத்தினேன்," என்றார். "அரை கட்டை. நான்தான்."

வாசகரே, மூன்றாம் வரிசையில் இருந்த தங்கை நான்தான்.

குரல் உடைந்த பிறகு, ஊரோடு ஒத்துச் சிரித்ததாகத்தான் எனக்கு நினைவு. சத்தியமாக. என் சிரிப்பு முந்திக்கொண்டது என்று அந்தக் கருவி சொல்லும்வரை எனக்குத் தெரியாது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் சிரித்தேன்? பொறாமை. (அடித்தேன். மறுபடி எழுதினேன்.) குடையோடு அவள் நின்ற நிலையில் எனக்கு நெஞ்சு அடைத்தது. நெஞ்சு அடைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அப்பா போன அன்று, பிணத்துக்கு முன்னால் சிரித்தேன் என்று அம்மா என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துப் போனாள். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான்; அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும்.

5

முடிவு அ: நான் ஒத்துக்கொள்கிறேன். அண்ணி — அண்ணி என்ன சொல்கிறாள் என்பது காதில் விழவில்லை. விழாததை நான் எழுதுவதில்லை.

முடிவு ஆ: டேப் அறுந்துபோகிறது. (கதை எழுதுகிறவர்களுக்கு வெட்கமே கிடையாது.)

முடிவு இ: அண்ணனின் பொய் நிற்கிறது. அண்ணி கையெழுத்துப் போடுகிறாள். நாடகம் மேடையேறுகிறது, குடை விரிகிறது, மூன்றாம் வரிசையில் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எட்டுவரை எண்ணுகிறேன்.

இதையே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மேஜையில் பேச்சு நிற்கவில்லை.

6

"நீங்க ஏத்தினீங்க."

"ஆமா."

"இத்தன வருஷமா இல்லைன்னீங்க."

"இப்ப ஆமாங்கறேன்."

"அந்தம்மா ஒரே சுருதிங்கறாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு அவங்க பொறந்தே இருக்க மாட்டாங்க."

அண்ணி கருவியைத் தன் பக்கம் இழுத்து, பின்னால் சுற்றி, மறுபடி போட்டாள். மறுபடியும். மூன்றாவது முறை, ஆறு வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பு வந்து, விக்கி, நின்றது. உடையும் இடம் வருவதற்குள் நிறுத்திவிட்டாள்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் பார்த்தான்.

அண்ணி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். கடிதத்தின் மேல் வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"எங்க, நீ ஒரு தடவ சிரி."