ஐ கேன்நாட் பியானோ

தையல் ஆலையில் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் தமக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று மேலாளரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமாம். பதினோரு வருடமாகச் சட்டைக்குக் காலர் தைத்தவளுக்கு அந்த வேலை மேல் ஒரு கண். தையல் விட்டுப்போனால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்கமாட்டாள். தானே மெஷினைத் திறந்து சரிசெய்துவிடுவாள். அதனால் அவளுக்குத் திருப்புளி என்று பேர். பேர் அவளுக்கு, பதவி மெக்கானிக்குக்கு.

சாப்பாட்டு அறையில் நடந்த ஆங்கில வகுப்பில், 'ஐ கேன்' என்று தொடங்கும் வரிகள் எழுதிய ஒரு தாள் கொடுத்தார்கள். நீந்துவேன், கார் ஓட்டுவேன், பியானோ வாசிப்பேன். எல்லாரும் அப்படியே உருப்போட்டார்கள்.

நேர்காணல் வரிசையில் பக்கத்து மெஷின்காரி முழங்கையால் இடித்தாள்.

"என்னடி, பியானோ வந்துருச்சா?"

"கண்ணால பார்த்ததே இல்லக்கா."

"நான் மட்டும் பார்த்தேனாக்கும்? அடிச்சு விடு. கொண்டு வந்து வாசிக்கச் சொல்லவா போறாங்க!"

அக்கா உள்ளே போய் நீந்தினாள், வாசித்தாள், பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தாள்.

அடுத்து இவள். உருப்போட்டது நாக்கு நுனி வரை வந்தது. வந்ததும் கூசியது.

"ஐ கேன்நாட் ஸ்விம்," என்றாள். "ஐ கேன்நாட் பியானோ."

மேலாளரின் பேனா நின்றது. "தெரியாததை யாரும்மா கேட்டா? தாள்ல இருக்கறதைச் சொல்லு. மத்தவங்க சொன்னாங்கல்ல?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நூல் கழிவுக்குள் விழுந்த ஊசியைத் துழாவுவது போல அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஐ கேன் ஓப்பன் மெஷின்." மூச்சு விட்டாள். "ஐ கேன் க்ளோஸ் மெஷின். ஐ கேன் சேஞ்ச் ஊசி." ஊசிக்கு ஆங்கிலம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். "மெக்கானிக் நோ கம். ஐ கம். லெவன் இயர்ஸ்."

"இதெல்லாம் தாள்ல இல்லையேம்மா."

"பியானோ இந்த ஆலையில இல்லையே சார்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, போ. சொல்லி அனுப்பறோம்."

அவர் முன்னால் இருந்த பட்டியலில் அவள் பேருக்கு நேரே இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. எழுந்து போனால் அப்படியே கிடக்கும். நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் சொன்னதை எழுதுங்க சார். சொன்ன மாதிரியே."

"வெளியில ஆளுங்க நிக்கறாங்கம்மா."

"நிக்கட்டும். ஐ கேன் வெயிட்."